ஏழேகால் வண்டியும் இரண்டு பொய்களும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழேகால் வண்டி என்று ஒன்று டைம்டேபிளில் கிடையாது. அங்கே அது ஏழு பதினொன்றோ, ஏழு பதினெட்டோ, ஒவ்வொரு தடவை அட்டவணை மாறும்போதும் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே நகரும். ஆனால் கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது ஏழேகால் வண்டிதான். "ஏழேகாலைப் புடிச்சிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். ஏதோ மாட்டைப் பிடிக்கிற மாதிரி.

அந்த மாட்டை நான் இரண்டரை வருஷமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கூடுவாஞ்சேரியில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். திரும்பி வர இன்னொன்று. பி.காம். படிக்கிறவன் கணக்குப் போடாமல் இருந்தால் பாவம் சேரும், அதனால் போட்டேன். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஐந்து செமஸ்டருக்கு 450 நாள், நாளுக்கு 2 மணி நேரம். மொத்தம் 900 மணி நேரம். அதாவது முப்பத்தேழரை நாள், ராப்பகலாக, சோறு தண்ணி இல்லாமல் ரயிலிலேயே குடியிருந்திருக்கிறேன். (இதில் நடுவில் சிக்னலுக்காக நின்ற நேரத்தைச் சேர்க்கவில்லை. அது வாராக் கடன்.)

இவ்வளவு நாள் குடியிருந்தவனுக்கு நாலு விஷயம் தெரியாமலா இருக்கும்? தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாமல் போன ஒரு விஷயத்தையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பல்பு வாங்கிய கதை.

காலேஜ் சேர்ந்த முதல் வாரம். வண்டி வந்து நிற்கிறது. எல்லாப் பெட்டியிலும் தேன்கூடு மாதிரி கூட்டம். ஒரு பெட்டி மட்டும் காற்றோட்டமாக, மெத்தை வைத்த சீட்டோடு, "வாடா ராசா" என்று கூப்பிடுகிறது. ஜனங்கள் இவ்வளவு முட்டாள்களா, இத்தனை இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் நசுங்குகிறார்களே என்று பரிதாபப்பட்டுக்கொண்டே ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, காலை நீட்டி... பல்லாவரத்தில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். அது முதல் வகுப்பாம். வெளியே கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததாம். என் சீசன் டிக்கெட் இரண்டாம் வகுப்பு. குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி. பர்ஸில் இருந்தது 180. பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவான் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு, "தம்பி, லோக்கல் ரயில்ல சும்மா காலியா இருக்கிற இடம்னு ஒண்ணு கெடையாது. காலியா இருந்தா ஏன் காலியா இருக்குன்னு யோசிக்கணும்" என்றார். பொருளாதார வகுப்பில் மூன்று வருஷமாக இதைத்தான் வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, வெண்டார் பெட்டி. மீன் கூடை, பூ மூட்டை, கீரைக் கட்டு எல்லாம் ஏறுகிற பெட்டி. அவசரத்தில் ஓடி வந்து இதில் ஏறினால் இறங்கும்போது உங்களுக்கு முன்னால் உங்கள் வாசனை இறங்கும். ஒரு தடவை அப்படிப் போய் இன்டர்னல் தேர்வு எழுதினேன். பக்கத்து பெஞ்ச்காரன் என் விடைத்தாளைப் பார்க்கவே முயற்சி பண்ணவில்லை. ஹி ஹி.

சரி, இனி தொழில் ரகசியங்கள்.

ஒன்று, எந்த இடத்தில் நிற்பது. ஏறுவதற்கு வசதியான இடத்தில் நிற்கிறவன் புது ஆள். இறங்குகிற ஸ்டேஷனில் படிக்கட்டு எந்தப் பெட்டிக்கு நேராக வரும் என்று தெரிந்து, அந்தப் பெட்டி இங்கே எங்கே நிற்கும் என்று தெரிந்து, அங்கே போய் நிற்கிறவன்தான் பழைய ஆள். பிளாட்பாரத்தில் பன்னிரண்டு பெட்டிக்கும் அடையாளம் உண்டு. என்னுடைய பெட்டி, தண்ணீர்க் குழாய்க்கும் உடைந்த சிமெண்ட் பெஞ்சுக்கும் நடுவில். அந்த பெஞ்சைச் சரி பண்ணிவிடுவார்களோ என்பதுதான் என் நிரந்தரக் கவலை.

இரண்டு, எந்தப் பக்கம் உட்காருவது. இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது. காலையில் வண்டி வடக்கே போகிறது, வெயில் கிழக்கே, அதாவது வலது பக்கம். சாயங்காலம் வண்டி தெற்கே வருகிறது, வெயில் மேற்கே, அதுவும் வலது பக்கம்! ஆக, வண்டி போகிற திசையைப் பார்த்து எப்போதும் இடது பக்கம் உட்கார்ந்தால் போதும், வருஷம் முழுக்க நிழல். காலை ஒரு பக்கம், மாலை ஒரு பக்கம் என்று நினைத்துக்கொண்டு வதங்குகிறவர்கள் இனிமேலாவது திருந்துங்கள்.

மூன்றுதான் முக்கியமானது. யார் எங்கே இறங்குவார்கள் என்று முகத்தையும் மூட்டையையும் பார்த்தே சொல்வது. சீட்டுக்கு முன்னால் நிற்பது பெரிதில்லை, சரியான ஆளுக்கு முன்னால் நிற்க வேண்டும். பெட்டி படுக்கையோடு, இன்னும் ஸ்டேஷன் வரவில்லையா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்க்கிறவர்கள் திரிசூலம், ஏர்போர்ட் பார்ட்டி. கழுத்தில் அடையாள அட்டையும் காதில் இயர்போனுமாக இருப்பவர்கள் பரங்கிமலையிலோ கிண்டியிலோ இறங்கிவிடுவார்கள், அங்கே மெட்ரோ மாறலாம். ஒரே மாதிரி சீருடைப் புடவையில் ஆறேழு பெண்கள் சிரித்துக்கொண்டு வந்தால் மாம்பலம், ரங்கநாதன் தெரு கடைகள். வெள்ளிக்கிழமை காலிப் பையோடு ஏறுகிற பெரியவர்கள் பல்லாவரம் சந்தைக்குப் போகிறவர்கள். எதுவுமே வைத்துக்கொள்ளாமல், எந்த ஸ்டேஷனையும் நிமிர்ந்து பார்க்காமல், ஏறியதுமே தூங்குகிறவர் பீச் வரை போவார். அவர் முன்னால் நிற்பது வீண் முதலீடு.

இந்தக் கலையில் எனக்குக் கிடைத்த பெரிய அடி ஒரு எக்ஸ்ரே கவரால் வந்தது. மடியில் எக்ஸ்ரே கவரோடு ஒரு அம்மா. தாம்பரம் சானடோரியத்தில் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது (காசநோய்க்கான சானடோரியம் இருந்ததால்தான் அந்த ஸ்டேஷனுக்கே அந்தப் பேர்), இன்னும் இரண்டு ஸ்டேஷனில் சீட் காலி என்று தைரியமாக அவர் முன்னால் போய் நின்றேன். சானடோரியம் வந்தது, போனது. குரோம்பேட்டை போனது. அப்புறம்தான் உறைத்தது. எக்ஸ்ரே கவர் என்றால் சானடோரியமாகத்தான் இருக்க வேண்டுமா? பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் ஜி.எச். இருக்கிறதே. அந்த அம்மா நான் இறங்குகிற வரைக்கும் அசையவே இல்லை. நடுவில் ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து, "எங்க தம்பி எறங்கணும், பையைக் குடு, மடியில வச்சிக்கறேன்" என்றார். நான் அவர் சீட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவர் என் பையைச் சுமக்கிறேன் என்கிறார். நுங்கம்பாக்கம் வரை எக்ஸ்ரே கவருக்கு மேலே என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் இருந்தது.

சீசன் டிக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. மாதச் சீசனின் விலை ஏறக்குறைய 15 ஒற்றைப் பயணங்களின் விலை. மாதத்துக்கு ஐம்பது தடவை போய் வருகிறோம், பதினைந்துக்குத்தான் காசு. 2014 ஜூனில் இதை 30 பயணத்துக்கு உயர்த்துவதாக அறிவித்தார்கள். ஊர் முழுக்க சத்தம் வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் அப்பா பேப்பரும் கையுமாக இருந்தது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. ஒரு அறிவிப்பால் எங்கள் வீட்டு பட்ஜெட்டில் எந்தச் சாமான் குறையும் என்று அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சுகங்கள் என்று பார்த்தால் ஏகப்பட்டது. திரிசூலத்தில் வலது பக்கம் மலை, இடது பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப்புறம் ஏர்போர்ட். தலைக்கு மேலே தாழ்ந்து வருகிற விமானத்தை இத்தனை வருஷம் கழித்தும் பெட்டியில் பாதிப் பேர் நிமிர்ந்து பார்க்கத்தான் செய்கிறார்கள். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் அடையாற்றுப் பாலத்தில் வண்டியின் சத்தம் மாறும், அதைக் கேட்டுத் தூக்கத்திலிருந்து சரியாக எழுந்து மாம்பலத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாயங்கால வண்டியில் சுண்டல் வரும், சமோசா வரும், கொய்யாக்காய் மிளகாய்த்தூளோடு வரும், ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய பாட்டு பாடுகிறவர் வருவார். எதிர் சீட்டில் ஒரு அக்கா தாம்பரம் வருவதற்குள் நாலு முழம் பூ கட்டி முடிப்பார், கையைப் பார்க்கவே மாட்டார். 2025 ஏப்ரல் 19-ஆம் தேதியிலிருந்து இந்தப் பாதையில் ஏசி வண்டியும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய் என்பதால் நான் அதை வெளியிலிருந்து ரசிப்பதோடு சரி. கதவு தானாக மூடிக்கொள்ளும். அதில் யாரும் தொங்க முடியாது.

தொங்குவது. அதற்கு இப்போது வருகிறேன்.

முதல் வருஷத்திலிருந்தே எங்கள் செட் வாசலில்தான். எட்டுப் பேர். உள்ளே இடம் இருந்தாலும் வாசல்தான். காற்று மூஞ்சியில் அடிக்கும், பை முதுகில் பறக்கும், பிளாட்பாரம் வரும்போது ஓடிக்கொண்டே இறங்கலாம். அது தப்பு என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ரயில்வே சட்டம் 156-ஆம் பிரிவில் மூன்று மாதம் சிறை, 500 ரூபாய் அபராதம் என்று இருப்பதும் தெரியும். 2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை ஸ்டேஷனில் என்ன நடந்தது என்பதும் தெரியும். அன்றைக்கு மின்கம்பி அறுந்ததால் லோக்கல் வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் விட்டார்கள். அந்தப் பாதையை ஒட்டி ஒரு சுவர். படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் அதில் அடிபட்டு விழுந்து செத்துப்போனார்கள். அப்போது நான் ஸ்கூலில் இருந்தேன். அன்று ராத்திரி அப்பா வீட்டுக்கு வர ரொம்ப நேரம் ஆனதும், அம்மா வாசலிலேயே நின்றதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்படியிருந்தும் தொங்கினேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. எட்டுப் பேர் தொங்கும்போது ஒருத்தன் மட்டும் உள்ளே போய் நிற்பது எப்படி?

அப்பாவும் ஏழேகால் வண்டியில்தான் வருவார். பீச் ஸ்டேஷனில் இறங்கி பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறார். 1998-லிருந்து அதே கடை, அதே ரயில் பாதை. நாங்கள் அப்போது குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். (நாங்கள் என்றால் அவர்கள். நான் 2004.) 1931-ல் ஓட ஆரம்பித்த பீச்-தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1-ஆம் தேதி நின்றது. "நீ பொறந்த வருஷம்தான் சின்ன ரயில் போச்சு" என்பார், நான் பிறந்ததால்தான் அது போனது மாதிரி. அந்தச் சின்ன ரயிலில் எதிர் எதிர் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் முட்டுமாம், அதனாலேயே எல்லோரும் பேசிக்கொள்வார்களாம்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவோம். ஸ்டேஷன் படி ஏறியதும் பிரிந்துவிடுவோம். அவர் முன்னாலிருந்து நாலாவது பெட்டிக்கு, நான் பின்னால் என் உடைந்த பெஞ்சுக்கு. அப்பா இருக்கிற பெட்டியில் எவன் ஏறுவான்?

ராத்திரி சாப்பிடும்போது அம்மா இரண்டு பேரையும் கேட்பார்: "உக்கார எடம் கெடச்சுதா?"

அப்பா: "கெடச்சுது, கெடச்சுது. உக்காந்துட்டுதான் போனேன்."

நான்: "ம்... உக்காந்துட்டேன்."

என்னுடையது பொய் என்று எனக்குத் தெரியும். அவருடையதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

போன செப்டம்பரில் ஒரு நாள் செட்டில் பாதிப் பேர் லீவு, நான் எழுந்ததே லேட். அப்பா முன்னாடியே கிளம்பிவிட்டார். படி இறங்கும்போதே வண்டி நின்றுகொண்டிருந்தது. எதிரில் கிடைத்த வாசலில் ஏறிவிட்டேன். உள்ளே நசுங்கி நிமிர்ந்து பார்த்தால் நாலாவது பெட்டி. பத்துத் தலைகளுக்கு அப்பால் அப்பா. நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கையால் மேலே பிடித்துக்கொண்டு, இடது காலைக் கொஞ்சம் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், கொக்கு மாதிரி. தாம்பரத்தில் அவருக்கு நேர் எதிரே ஒரு சீட் காலியானது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவர் கையை நீட்டி அந்த இடத்தை மறித்தார், பின்னால் திரும்பி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சரி, நியாயம். பல்லாவரத்தில் இன்னொரு சீட். அதில் ஒரு பள்ளிக்கூடப் பையனை உட்கார வைத்தார். மீனம்பாக்கத்தில் ஜன்னலோரம் இருந்தவர், "சார், நீங்க உக்காருங்க" என்று எழுந்தே விட்டார். அப்பா சிரித்துக்கொண்டே அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். கிண்டி வரும்போது பிடித்திருந்த கையை மாற்றி, காலை மாற்றி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முகத்தைச் சுளித்ததை நான் பார்த்துவிட்டேன்.

ஜூன் மாதமே டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்று சொல்லியிருந்தார். ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அவர்தான் உட்கார்ந்துகொண்டு போகிறாரே என்று நானும் அம்மாவும் நிம்மதியாக இருந்தோம். யார் எங்கே இறங்குவார்கள் என்று எக்ஸ்ரே கவர் வரைக்கும் ஆராய்ச்சி பண்ணியவனுக்கு, அப்பா எப்படிப் போகிறார் என்று தெரியவில்லை. நுங்கம்பாக்கத்தில் அவர் கண்ணில் படாமல் இறங்கிப் போனேன்.

அன்றைக்கு முழுக்கத் திட்டம் போட்டேன். தாம்பரத்திலிருந்தே கிளம்புகிற லோக்கல்கள் நிறைய உண்டு. கூடுவாஞ்சேரியிலிருந்து கால் மணி நேரம் முன்னால் கிளம்பி, தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து புறப்படுகிற வண்டியில் மாறினால் சீட் நிச்சயம், அதுவும் இடது பக்கம் ஜன்னல். அதே சீசன் டிக்கெட் போதும், கூடுதல் செலவு சைபர். ராத்திரி இதை அப்பாவிடம் ஒரு திட்ட அறிக்கை மாதிரி விவரித்தேன், நாலாவது பெட்டியில் பார்த்ததை மட்டும் சொல்லாமல். "எனக்குப் பரீட்சைக்குப் படிக்கணும்ப்பா, உக்காந்தாதான் முடியும். நீங்களும் வாங்களேன், துணைக்கு." ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

இரண்டு நாள் வந்தார். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். ஊரையே பார்த்துக்கொண்டு வந்தார், ஒன்றும் பேசவில்லை. நான் பணப்பாய்வு அறிக்கையில் ஒரு கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி ஏறவில்லை. மூன்றாவது நாள் காலையில் செருப்பு மாட்டும்போது, "நீ முன்னாடி போ. நான் ஏழேகாலுக்கு வர்றேன்" என்றார்.

"ஏம்ப்பா? உக்காந்துட்டுப் போகலாமில்ல?"

"உக்காந்தா தூக்கம் வருதுடா. பேச ஆளும் இல்ல. இருபத்தேழு வருஷமா ஒரு செட்டோட போயிட்டிருக்கேன், உக்கார்றதுக்காகவா ரயில்ல போறோம்?"

பின்னே வேறெதற்கு என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நான் வாசலில் தொங்குவது காற்றுக்காகவா? என் எட்டுப் பேருக்காகத்தானே?

நாலாவது பெட்டி செட்டில் ஒருவரை எனக்குத் தெரியும். பேங்க் அங்கிள் என்று கூப்பிடுவோம். செங்கல்பட்டில் ஏறுகிறவர், அதனால் எப்போதும் சீட் உண்டு. ஒரு சாயங்காலம் மாம்பலத்திலிருந்து வரும் வண்டியில் அவரைப் பிடித்து, அப்பாவின் மூட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அப்பா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை நான் போய்ச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"நாங்க குடுக்காம இல்லப்பா. தினமும் யாராவது ஒருத்தர் எழுந்திருப்போம். உங்கப்பா வாங்க மாட்டார். அவர் வாங்கிக்கிற மாதிரி குடுக்கணும். நான் பார்த்துக்கறேன், நீ கண்டுக்காதே."

அடுத்த திங்கட்கிழமை ராத்திரி. அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "பாவம் நம்ம பேங்க்காரர். மூலமாம். உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். வண்டி நெடுக நின்னுட்டே வர்றார். அவர் சீட் சும்மா கெடக்கேன்னு நான்தான் உக்காந்துட்டுப் போறேன்" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது. அம்மா தலையில் தட்டினார்.

ஒரு மாதம் இப்படிப் போனது. பேங்க் அங்கிளின் மூலம் குணமாகவே இல்லை.

போன வாரம் ஸ்டேஷன் படியில் ஏறும்போது அப்பா பாதியில் நின்றார். மூட்டு வலி என்று நினைத்தேன்.

"நேத்து சாயங்காலம் நம்ம பேங்க்காரரைப் பார்த்தேன். பக்கத்துப் பெட்டியில, பார்க்லேருந்து தாம்பரம் வரைக்கும் ஜம்முனு உக்காந்துட்டு வர்றார். என்னைப் பார்க்கல."

நான் பிளாட்பாரத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நீ சொன்னியா அவர்கிட்ட?"

"...ஆமாப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு படி ஏறினார். அப்புறம் திரும்பாமலேயே சொன்னார்: "வளைவு வர்ற எடத்துல முன்பெட்டி வாசல்லேருந்து பார்த்தா பின்னாடி தொங்குறவங்க எல்லாரும் தெரியும். உன் நீலப் பை முதல் வருஷத்துலேருந்தே தெரியும். இப்போ உள்ள உக்காந்துட்டா எனக்குத் தெரியறதில்ல. அதனால நீயே உள்ள போய் நின்னுக்கோ."

அவ்வளவுதான். நாலாவது பெட்டிப் பக்கம் நடந்து போய்விட்டார்.

அன்றைக்கு நான் உள்ளே போய் நின்றேன். செட்டில் கிண்டல் தாங்கவில்லை. "என்னடா, அத்தை மாதிரி உள்ள போயிட்ட?" என்றார்கள். மூன்றாவது நாள் இன்னொருத்தனும் உள்ளே வந்தான். அவன் வீட்டில் என்ன கதையோ, நான் கேட்கவில்லை. மிச்சம் ஆறு பேர் இன்னும் வாசலில்தான். கூடப் படிக்கிற அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மக்கா, உள்ளே இடம் இருக்குடா. கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான்.

எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி. அதற்கப்புறம் வேலை எங்கே கிடைக்குமோ, எந்த வண்டியோ. பேங்க் அங்கிள் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறாராம். அப்போது அந்த சீட்டுக்கு வேறு ஒரு வியாதிதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

நேற்று ராத்திரியும் அம்மா கேட்டார். அப்பா, "உக்காந்துட்டுதான் போனேன்" என்றார். நான், "நின்னுட்டுதான் போனேன்மா, உள்ள" என்றேன்.

"உள்ளன்னா? வேற எங்க நிப்பாங்க?" என்றார் அம்மா.

அப்பா ரசத்துக்குக் கையை நீட்டினார்.